அறையைச் சுத்தம் செய்பவருக்கு முதலில்: வெளிநாட்டு ஹோட்டல்களில் டிப்ஸ் தருவது பற்றி

கேள்வி இதுதான்: குடும்பத்தோடு முதல் முறையாக வெளிநாட்டுக்கு விடுமுறைப் பயணம் போகிறோம். ஹோட்டல் பில்லிலேயே சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. அதற்கு மேலும் ஊழியர்களுக்கு டிப்ஸ் தர வேண்டுமா? தருவதென்றால் யாருக்கு, எவ்வளவு? சில நாடுகளில் டிப்ஸ் தந்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களாமே, உண்மையா?

ஹோட்டல் வரவேற்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன். "எத்தனை சதவீதம்?" என்பதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். சதவீதக் கணக்கு உணவகத்துக்கு உரியது. தங்கும் இடத்துக்கு அது பொருந்தாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. போகிற நாட்டில் ஊழியரின் வருமானத்தில் டிப்ஸுக்குப் பங்கு உண்டா? நீங்கள் தரும் பணம் வேலை செய்தவரின் கைக்குப் போய்ச் சேருமா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் தொகையை முடிவு செய்வது எளிது.

ஆளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. ஒருவருக்கு மட்டும்தான் தர முடியும் என்றால் அது உங்கள் அறையைச் சுத்தம் செய்பவருக்குப் போகட்டும். நடைமுறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெட்டி தூக்கி வருபவர், கதவு திறப்பவர், காரைக் கொண்டு வந்து நிறுத்துபவர் எல்லோரும் கண்ணெதிரே நிற்கிறார்கள். கை தானாகவே சட்டைப் பைக்குப் போகிறது. அறைப் பணியாளர் நீங்கள் வெளியே கிளம்பிய பிறகு வந்து, திரும்புவதற்குள் போய்விடுகிறார். மெத்தையின் மூலைகளைத் தூக்கி விரிப்பைச் செருகுவது, குளியலறைத் தரையில் மண்டியிட்டுத் துடைப்பது, ஈரத் துண்டுகளை அள்ளி வண்டியில் போட்டுத் தள்ளுவது என்று ஒரே வேலை நேரத்தில் பத்துப் பதினைந்து அறைகளை முடித்தாக வேண்டும். ஹோட்டலிலேயே உடம்பை மிகவும் வருத்தும் வேலைகளில் இதுவும் ஒன்று. முதுகுவலியும் தோள்வலியும் இல்லாத மூத்த அறைப் பணியாளரைப் பார்ப்பது அரிது. குழந்தைகளோடு தங்கும் குடும்பம் என்றால் அவருடைய வேலை இன்னும் கூடுகிறது.

அவருக்குத் தருவதில் ஒரு முறை இருக்கிறது. கிளம்பும் நாளில் மொத்தமாக வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். வாரவிடுப்பு, முறை மாற்றம் இவற்றால் நேற்று வந்தவரே நாளையும் வருவார் என்பதற்கு உறுதியில்லை. ஐந்து இரவுகளுக்கான பணம், கடைசி நாள் மட்டும் வந்தவருக்குப் போய்விடும். ஆகவே அன்றன்றைக்கு வையுங்கள். அதைவிட முக்கியம், அது டிப்ஸ் என்று தெரியும்படி வைப்பது. விருந்தினர் இன்னும் தங்கியிருக்கும் அறையில் கிடக்கும் பணத்தை நேர்மையான பணியாளர் தொட மாட்டார். தொட்டால் திருட்டுப் பழி வரும் என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. மேசையில் சிதறிக் கிடக்கும் சில்லறையோடு சேர்த்து வைத்தால் அது அப்படியே இருக்கும், நீங்களும் "எடுத்துக்கொள்ளவே இல்லையே" என்று குழம்புவீர்கள். ஹோட்டலின் குறிப்புத்தாளில் நன்றி என்று அந்த நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தலையணை மேலோ கட்டிலோர மேசையிலோ பணத்தோடு வையுங்கள். பணத்தை உறைக்குள் போட்டால் உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். நேரில் பார்க்க வாய்த்தால் கையிலேயே கொடுத்து நன்றி சொல்வது இன்னும் நல்லது.

இப்போது நாடுகளுக்கு வருவோம். டிப்ஸ் கட்டாயம் போலவே ஆகிவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009இல் நிர்ணயித்த தொகை. வழக்கமாக டிப்ஸ் பெறும் ஊழியர் என்றால் முதலாளி தன் பங்காக 2.13 டாலர் தந்தால் போதும். மீதியை விருந்தினர் தரும் பணம் நிரப்பும் என்பது கணக்கு. நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். இந்த 2.13 டாலர் 1991இலிருந்து அசையவே இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் மட்டும் இந்தக் குறைப்பை அனுமதிப்பதில்லை. இதன் வரலாறும் வேதனையானது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேலைக்கு எடுத்த நிறுவனங்கள் பல, சம்பளத்தைச் சுருக்கி, பயணிகள் தரும் காசை நம்பியே அவர்களை வாழவிட்டன. புல்மன் நிறுவனம் நடத்திய, படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளின் பணியாளர்கள் அதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன.

அங்கே அறைப் பணியாளருக்குப் பெரும்பாலும் முழு மணிக்கூலி உண்டு. ஆனால் அது குறைவான கூலி. அமெரிக்க ஹோட்டல் தொழில் கூட்டமைப்பின் வழிகாட்டி ஓர் இரவுக்கு 1 முதல் 5 டாலர் வரை, அதையும் தினமும் வைக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால் ஒரு டாலர் இன்றைய விலைவாசிக்குப் போதாது. குடும்பமாகத் தங்கினால் நாளுக்கு ஐந்து டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர், காரை எடுத்து வந்து தருபவருக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் வழக்கம். 2014இல் மாரியட் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் தன் ஹோட்டல் அறைகளில் டிப்ஸுக்கென்றே உறைகளை வைத்தது. "சம்பளத்தை உயர்த்தாமல் விருந்தினர் தலையில் கட்டுகிறார்களே" என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனாலும் சம்பள முறை தவறு என்று சொல்லி நாம் கையை மடக்கிக்கொண்டால் முதலாளிக்கு ஒரு நட்டமும் இல்லை. இழப்பவர் அன்று உங்கள் படுக்கையை விரித்தவர்.

அமெரிக்க ஹோட்டல்களில் 'ரிசார்ட் கட்டணம்' என்று நாளொன்றுக்கு ஒரு தொகை வாங்குவார்கள். நீச்சல் குளம், வைஃபை, உடற்பயிற்சிக் கூடம் என்று காரணம் சொல்வார்கள். அது ஹோட்டலின் வருமானம். டிப்ஸ் என்று எண்ணி ஏமாற வேண்டாம். 2025 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு வணிக ஆணையத்தின் விதிப்படி இத்தகைய கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் விளம்பரத்தில் முதலிலேயே காட்ட வேண்டும். எனவே முன்பதிவு செய்யும்போதே கண்ணில் படும். அறைக்கு உணவு வரவழைத்தால் பில்லை முழுதாகப் படியுங்கள். பரிமாறும் கட்டணம், கொண்டு வரும் கட்டணம் என்று இரண்டு வரிகள் இருக்கலாம். அதற்குக் கீழே டிப்ஸ் எழுத வெற்றுக் கோடும் இருக்கும். பரிமாறும் கட்டணம் ஏற்கெனவே இருபது சதவீதம் அளவில் சேர்ந்திருந்தால் அந்தக் கோட்டை நிரப்ப வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கொண்டு வந்தவரிடமே, "இந்தக் கட்டணம் உங்களுக்கு வருகிறதா?" என்று தயங்காமல் கேட்கலாம். பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இதே கேள்விதான் சேவைக் கட்டணத்துக்கும். தாய்லாந்து, சிங்கப்பூர் ஹோட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். ஒன்று சேவைக் கட்டணம், மற்றது வரி. தாய்லாந்தில் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் 7 சதவீத வரி போடுவதால் 17.7 சதவீதம் கூடுகிறது. சிங்கப்பூரில் 2024 முதல் வரி 9 சதவீதம் ஆகிவிட்டதால் மொத்தம் 19.9 சதவீதம். இந்தப் பத்து சதவீதம் ஊழியர்களுக்குப் போகிறதா? நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2023இல் நிறைவேறி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம், டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் பிடித்தம் ஏதுமின்றி ஊழியர்களுக்கே பகிர்ந்து தரச் சொல்கிறது. மாலத்தீவிலும் சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்கச் சட்டம் இருக்கிறது. எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. சில இடங்களில் அது ஹோட்டலின் பொதுக் கணக்கிலேயே கரைந்துவிடும். முறையாகப் பங்கிடும் இடங்களில்கூட அந்தப் பணம் பல துறைகளுக்கும் பிரிந்து, மாதக் கடைசியில் சம்பளத்தோடு வரும். ஆகவே என் பழக்கம் இது: சேவைக் கட்டணம் இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகத் தருவதில்லை, அறைப் பணியாளருக்கு மட்டும் சிறு தொகை வைப்பேன். தாய்லாந்தில் நாளுக்கு இருபது முதல் ஐம்பது பாட் வரை போதும். சிங்கப்பூரில் வைக்காவிட்டாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

வரிகளையும் சேவைக் கட்டணத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துபாயில் அறைக்கு இரவொன்றுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை வாங்கப்படும் 'டூரிசம் திர்ஹாம்' அரசுக்குப் போவது. மாலத்தீவின் பசுமை வரியும், ஐரோப்பிய நகரங்கள் வாங்கும் தங்கல் வரியும் அப்படியே. இவற்றில் ஊழியருக்கு ஒரு காசும் இல்லை.

ஐரோப்பாவில் பதற்றப்படத் தேவையில்லை. ஃபிரான்ஸில் சட்டப்படியே சேவை விலைக்குள் அடங்கியிருக்கிறது. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் எங்கும் அறைப் பணியாளருக்கு நாளுக்கு ஒன்றிரண்டு யூரோ வைத்தால் மகிழ்வார்கள். பெட்டிக்கு ஒரு யூரோ. வட ஐரோப்பிய நாடுகளில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் ஊதியம் நல்ல நிலையில் இருப்பதால் டிப்ஸ் வழக்கம் வேரூன்றவில்லை.

அவமதிப்பு பற்றிய கேள்வி பெரும்பாலும் ஜப்பானைக் குறித்தே எழுகிறது. அங்கே டிப்ஸ் வழக்கம் இல்லை என்பது உண்மை. நல்ல சேவை தருவது வேலையின் இயல்பான பகுதி, அதற்குத் தனிக் காசு எதற்கு என்பதே அவர்களுடைய எண்ணம். அவமதிப்பு என்று கோபப்படுவார்கள் என்பது மிகை; உண்மையில் நேர்வது சங்கடம். எப்படித் திருப்பித் தருவது என்று தெரியாமல் தவிப்பார்கள். அறையில் பணம் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டுப் போனதாக நினைத்து எடுத்து வைத்துத் திருப்பித் தருவார்கள். பெரிய ஹோட்டல்களில் 10 முதல் 15 சதவீதச் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும், அதோடு விட்டுவிடுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. ரியோகான் எனப்படும் மரபான விடுதிகளில் உங்களுக்கென்று ஒரு பணிப்பெண் இருப்பார். அறைக்கு அழைத்துச் செல்வது, இரவு உணவு பரிமாறுவது, மெத்தை விரிப்பது எல்லாம் அவரே. அவருக்கு 'கொகோரோசுகே' என்று சிறு தொகை தரும் பழைய வழக்கம் இருக்கிறது. கட்டாயமில்லை, ஜப்பானியர்களே பலர் இப்போது தருவதில்லை. தர விரும்பினால் வந்து இறங்கிய அன்றே, கசங்காத தாளை ஒரு சின்ன உறையில் போட்டு, இரு கைகளாலும் கொடுங்கள். வெறும் பணத்தை நீட்டுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்போ சிறு கைவினைப் பொருளோ கொடுத்தாலும் அதே மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வார்கள். தென் கொரியாவிலும் சீனாவிலும் ஹோட்டல் ஊழியர்களுக்கு டிப்ஸ் தரும் பழக்கம் பொதுவாக இல்லை. வேண்டாம் என்று ஒருமுறை மறுத்தால் வற்புறுத்தாமல் விட்டுவிடுவதே மரியாதை.

இதற்கு மறுகோடியில் எகிப்து. அங்கே 'பக்ஷீஷ்' எனப்படும் டிப்ஸ் அன்றாட வாழ்வோடு கலந்தது. துண்டை அன்னப்பறவையாக மடித்துக் கட்டிலில் வைப்பவர் முதல் கழிவறை வாசலில் காகிதம் நீட்டுபவர் வரை எதிர்பார்ப்பார்கள். எல்லோருக்கும் தர வேண்டியதில்லை. கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டு உதவி செய்பவரிடம் தொடக்கத்திலேயே கனிவாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உண்மையில் உழைத்தவருக்குச் சிறு தாள்களாகப் பல முறை தருவது அங்கே பொருத்தம். தொகைக்குப் பழைய பயண நூல்களை நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் எகிப்து பவுண்டின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டதும் அது ஒரே நாளில் சரிந்தது. துருக்கி லிராவும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து தேய்ந்து வருகிறது. முன்பு தாராளமாகத் தோன்றிய தொகைக்கு இன்று ஒரு தேநீர்கூட வாங்க முடியாமல் போகலாம். போய் இறங்கியதும் ஒரு வேளைச் சாதாரணச் சாப்பாட்டின் விலையைக் கவனியுங்கள். அறைப் பணியாளருக்கு எவ்வளவு வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

எந்தப் பணமாகத் தருவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கூடியவரை அந்த நாட்டுப் பணமாகவே கொடுங்கள். டாலர் செல்லும் நாடுகளில் டாலர் தாள் கொடுக்கலாம், ஆனால் கிழிசலோ கறையோ இருந்தால் கம்போடியா போன்ற இடங்களில் கடைக்காரர் வாங்க மாட்டார். வெளிநாட்டு உலோக நாணயங்களை ஒருபோதும் வைக்காதீர்கள். நாணயங்களைப் பணம் மாற்றும் கடைகள் ஏற்பதில்லை. உங்கள் பையில் கனத்ததை இறக்கி அவர் பையில் ஏற்றியதாகத்தான் முடியும். ஏடிஎம் பெரிய தாள்களாகவே தரும். ஆகவே முதல் நாளே வரவேற்பு மேசையில் கேட்டுச் சிறு தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். எங்களிடம் தினமும் பலர் மாற்றுவார்கள், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் மேலாளருக்கும் டிப்ஸ் தர வேண்டாம். கிடைக்காத உணவக இடத்தையோ நிகழ்ச்சி டிக்கெட்டையோ பாடுபட்டு வாங்கித் தந்த கான்சியர்ஜுக்கு (விருந்தினரின் வெளித் தேவைகளை ஏற்பாடு செய்து தரும் ஊழியர்), டிப்ஸ் வழக்கமுள்ள நாடுகளில், வேலையின் கடினத்துக்கு ஏற்பத் தரலாம். வரைபடத்தில் வழி காட்டியதற்குத் தேவையில்லை. குடும்பமே நடத்தும் சிறு விடுதியில் உரிமையாளருக்குத் தருவதில்லை, அங்கே வேலைக்கு வைத்திருக்கும் ஆளுக்குத் தரலாம். கென்யா, தான்சானியா வனவிலங்கு முகாம்களில் பொதுப் பெட்டி ஒன்று இருக்கும். சமையலறை, சலவை, இரவுக் காவல் என்று நீங்கள் பார்க்கவே வாய்ப்பில்லாதவர்களுக்கும் அதிலிருந்து பங்கு போகும். வழிகாட்டிக்கு மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டு, மற்றதை அந்தப் பெட்டியில் போடுங்கள். எல்லாம் அடங்கிய கட்டணம் வாங்கும் கடற்கரை ஓய்வகங்களில், குறிப்பாக மெக்சிகோவிலும் கரீபியன் தீவுகளிலும், "எல்லாம் அடங்கியது" என்ற சொல்லை நம்பிக் கையை வீசிக்கொண்டு வருபவர்கள் அதிகம். அந்தக் கட்டணத்தில் உணவும் பானமும் அடங்கும்; அறைப் பணியாளருக்கு எதுவும் போகும் என்பதற்கு உறுதி இல்லை.

பெருந்தொற்றுக்குப் பிறகு பல ஹோட்டல்கள் தினசரிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டன, கேட்டால்தான் ஆள் வரும். நான்கு நாள் யாரையும் கூப்பிடாமல் இருந்துவிட்டுக் கிளம்பினால், கடைசியில் வருபவருக்கு நான்கு நாள் குப்பையும் ஒரே நேரத்தில் காத்திருக்கும். அந்த இடங்களில் மட்டும் மொத்தத்தையும் கிளம்பும் அன்று வைப்பதே சரி.

பணம் பொருந்தாத நாடுகளிலும், பொருந்தும் நாடுகளில் கூடுதலாகவும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஹோட்டலின் பொது மேலாளருக்கு நான்கு வரிகள் எழுதுங்கள். "சேவை அருமை" என்று பொதுவாக எழுதினால் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்காமலே கூடுதல் போர்வை வைத்தார், தொலைந்த பொம்மையை விரிப்புக்குள் தேடி எடுத்து வைத்தார் என்று நடந்ததை எழுதுங்கள். அத்தகைய கடிதங்களைக் காலைக் கூட்டத்தில் வாசித்து, ஊழியரின் பணிக் கோப்பில் சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போதும் பதவி உயர்வின்போதும் அந்தத் தாள் பேசும். அறை எண்ணையும் தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். உங்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் அன்றைக்கு அந்த அறையைச் சுத்தம் செய்தவர் யார் என்று அவர்கள் பணிப்பட்டியலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.